வாசற்படியில் நிற்கும் உரிமைகள்

தெற்காசியக் குழந்தைகளின் நிலை குறித்த அறிக்கைகளை அடுத்தடுத்துப் படிக்கும் எவருக்கும் ஒரு குழப்பம் வரும். ஒரு நாட்டைப் பற்றி ஒரு பக்கத்தில் உலகமே மெச்சும் சாதனை இருக்கும்; பக்கத்தைப் புரட்டினால் தலைகுனிய வைக்கும் எண் இருக்கும். வங்கதேசத்தை எடுத்துக்கொள்வோம். 1990இல் அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 145 பேர் ஐந்து வயதுக்குள் இறந்துபோனார்கள். இன்று அது முப்பதையொட்டி இறங்கிவிட்டது. 2004இல் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் பாதிப்பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 2022இல் நான்கில் ஒருவர்தான் அப்படி. வறுமையும் வெள்ளமும் ஓயாத ஒரு நாடு ஒரே தலைமுறையில் இதைச் செய்து முடித்தது சாதாரண காரியமல்ல. அதே நாட்டில் 2019இல் எடுத்த கணக்கெடுப்பின்படி, 20 முதல் 24 வயது வரையுள்ள பெண்களில் 51 சதவீதம் பேருக்குப் பதினெட்டு நிறையும் முன்பே கல்யாணம் ஆகியிருந்தது. அறிக்கை எழுதுபவர்கள் இரண்டையும் கூட்டிக் கழித்து, குறிப்பிடத்தக்க முன்னேற்றம் உண்டு, ஆனாலும் செல்ல வேண்டிய தூரம் அதிகம் என்று முடித்துவிடுவார்கள். அந்த வாக்கியத்தை எந்த நாட்டுக்கும் எந்த ஆண்டுக்கும் போட்டுக்கொள்ளலாம். அதனாலேயே அது எதையும் சொல்வதில்லை.

ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 1989 நவம்பர் 20 அன்று ஏற்கப்பட்டது. தெற்காசிய நாடுகள் எல்லாம் சில ஆண்டுகளுக்குள் அதில் சேர்ந்துவிட்டன. போதாததற்கு 2002 ஜனவரியில் காத்மாண்டுவில் சார்க் நாடுகள் தங்களுக்குள்ளேயே குழந்தை நல உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. இந்த ஆவணங்களில் உள்ள உரிமைகள் எல்லாம் ஒரே இனம் என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. ஊசி, சோறு, பாடப்புத்தகம், பிறப்புச் சான்றிதழ் ஆகியவை அரசு கொண்டுவந்து கொடுக்கும் உரிமைகள். இவற்றைக் கொடுக்கும்போது தாயும் தகப்பனும் அரசின் பக்கம் நிற்கிறார்கள். அடி வாங்காமல் இருப்பது, உரிய வயதுக்கு முன் தாலி ஏறாமல் இருப்பது, பிறருக்கு உழைத்துக் கொட்டாமல் இருப்பது, உடலை யாரும் தொடாமல் இருப்பது ஆகியவை வேறு வகை. இங்கே அரசு குழந்தைக்கும் ஒரு பெரியவருக்கும் நடுவில் போய் நிற்க வேண்டும். அந்தப் பெரியவர் பெரும்பாலும் குழந்தைக்கு வேண்டியவர்: பெற்றோர், மாமா, வாத்தியார், முதலாளி. கொடுப்பதில் தெற்காசிய அரசுகள் தாராளமானவை, சில சமயம் உலகுக்கே முன்னோடிகள். நடுவில் நிற்பது என்று வந்தால் வாசற்படியிலேயே நின்றுவிடுகின்றன. இந்தப் பிராந்தியத்தை மதிப்பிடும் எந்தக் கணக்கும் இவ்விரண்டையும் தனித்தனியாக வைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வங்கதேசத்தின் சாதனை எப்படி நடந்தது என்று பார்த்தால் இந்தப் பிரிவு தெளிவாகும். 1980 முதல் 1990 வரை பிராக் என்ற தொண்டு நிறுவனத்தின் பெண் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வயிற்றுப்போக்குக்கு மருந்து செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்று விரலால் எடுத்த சிட்டிகை உப்பு, ஒரு கை அள்ளிய வெல்லம், அரை சேர் தண்ணீர், அவ்வளவுதான் மருந்து. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இது போய்ச் சேர்ந்தது. பணியாளர்களின் சம்பளத்தை எத்தனை வீடு ஏறினார்கள் என்று பார்த்துக் கொடுக்கவில்லை; பிறகு போய்க் கேட்கும்போது தாய்மார்கள் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துக் கொடுத்தார்கள். திட்டத்தின் உயிரே தாய்தான். குழந்தை பிழைக்க வேண்டும் என்று அரசைவிட, தொண்டு நிறுவனத்தைவிட அதிகம் தவிப்பவள் அவள். 1994இல் நாடு முழுவதும் வந்த பெண்களுக்கான உயர்நிலைப் பள்ளி உதவித்தொகையும் இதே வழியில்தான் தொடங்கியது: முக்கால்வாசி நாள் வருகை, தேர்வில் 45 சதவீத மதிப்பெண், பள்ளி முடியும்வரை கல்யாணம் கூடாது என்ற மூன்று நிபந்தனைகள். முதல் இரண்டும் பலித்தன. உயர்நிலைப் பள்ளிகளில் பையன்களைவிடப் பெண்கள் அதிகமானார்கள். மூன்றாவதுதான் பாதியில் நின்றது. காரணம் கண்ணெதிரே இருக்கிறது. வயது ஏற ஏற வரதட்சிணை ஏறும். பள்ளிக்குப் போகும் வழியில் எவனாவது வம்பு செய்தால் பேர் கெட்டுவிடும். நல்ல இடம் வரும்போது விட்டால் மறுபடி வராது. உப்பையும் வெல்லத்தையும் அளந்து மகளைக் காப்பாற்றிய தாய்தான் பதினாறு வயதில் அவளைக் கட்டிக்கொடுக்கிறாள். இரண்டையும் அவள் மகளுக்குச் செய்யும் நல்லதாகவே நினைக்கிறாள். முதல் காரியத்தில் அவளுக்குத் துணை நின்ற அரசு, இரண்டாவதில் அவளை எதிர்த்து நிற்க வேண்டும். அதற்கு வேறு விதமான அரசு தேவை.

இந்தியாவின் எண்கள் இதை மறுப்பது போலத் தோன்றும். 2005–06ஆம் ஆண்டு தேசிய குடும்ப நல ஆய்வில் 47.4 சதவீதமாக இருந்த குழந்தைத் திருமணம், 2015–16இல் 26.8 ஆனது, 2019–21இல் 23.3 ஆனது. பாதிக்குப் பாதி குறைந்த பிறகு அரசு வாசற்படியில் நிற்கிறது என்று எப்படிச் சொல்வது? எண்களின் வேகத்தைக் கவனித்தால் பதில் கிடைக்கும். முதல் பத்தாண்டில் இருபது புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. அடுத்த சுற்றில் மூன்றரைப் புள்ளிகள்தான். பள்ளிக்கூடம் பக்கத்தில் வந்ததாலும் சைக்கிளும் புத்தகமும் சோறும் கிடைத்ததாலும் பெண்ணை இன்னும் இரண்டு வருடம் படிக்க வைப்போம் என்று பெற்றோரே முடிவெடுத்த கல்யாணங்கள்தான் முதலில் தள்ளிப்போயின என்பது என் கணிப்பு. மிச்சமிருப்பவை, கொடுத்தும் அசையாதவை. மேற்கு வங்கத்தில் 2013இல் தொடங்கிய கன்யாஸ்ரீ திட்டம் பதினெட்டு வரை கல்யாணம் ஆகாமல் படிக்கும் பெண்ணுக்கு 25,000 ரூபாய் தருகிறது, 2017இல் ஐ.நா. விருதும் வாங்கியது. அம்மாநிலத்தின் குழந்தைத் திருமண விகிதம் 2015–16இல் 41.6 சதவீதம், 2019–21இலும் 41.6 சதவீதம். கணக்கெடுப்பில் வந்த பெண்களில் மூத்தவர்கள் திட்டம் வந்தபோதே பதினெட்டைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இந்த ஓர் எண்ணை வைத்துத் திட்டத்தையே தள்ளிவிட முடியாது. ஆனாலும் ஒரு புள்ளிகூட நகரவில்லை என்பதைக் கண்டுகொள்ளாமல் விடவும் முடியாது.

அரசுகளின் தயக்கம் நடைமுறையில் மட்டும் இருந்தால் அதிகாரிகளைக் குறை சொல்லிவிட்டுப் போகலாம். அது சட்டத்தின் வாசகத்திலேயே இருக்கிறது. இந்தியாவின் 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், நடத்தி வைத்தவர்களுக்குச் சிறை என்கிறது; நடந்த கல்யாணத்தையோ செல்லும் என்கிறது. அது செல்லாதென்று ஆக வேண்டுமானால் அந்தப் பெண்ணே நீதிமன்றம் போய் மனுப் போட வேண்டும். பதினைந்து வயதில் தாலி கட்டப்பட்டவள் அப்பாவையும் புருஷனையும் எதிர்த்து வழக்காட வருவாள் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. கர்நாடகம் போன்ற ஓரிரு மாநிலங்கள் மட்டுமே இதைத் திருத்தி, தொடக்கத்திலிருந்தே செல்லாது என்றாக்கின. வங்கதேசம் 2017இல் பழைய சட்டத்தை மாற்றி எழுதியபோது பத்தொன்பதாம் பிரிவாக ஒரு கதவைத் திறந்து வைத்தது: விசேஷ சூழ்நிலையில், பெற்றோர் சம்மதமும் நீதிமன்ற உத்தரவும் இருந்தால், பதினெட்டுக்குக் கீழேயும் மணம் முடிக்கலாம், எத்தனை கீழே என்று எழுதவில்லை. இலங்கையில் பொதுச் சட்டத்தின் திருமண வயது 1995இல் பதினெட்டாக உயர்ந்தது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுமியின் திருமணத்துக்கும் காதி நீதிபதியின் அனுமதி போதும் என்று 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் வைத்திருந்த இடத்தை அந்தத் திருத்தம் தொடவில்லை. குழந்தை உழைப்பிலும் இதே கதைதான். 1992இல் உடன்படிக்கையில் சேரும்போதே, வேலைக்கான குறைந்தபட்ச வயதைப் படிப்படியாகத்தான் நடைமுறைப்படுத்த முடியும் என்று இந்தியா எழுதிக் கொடுத்தது. 2016இல் பதினான்கு வயதுக்குட்பட்டோரின் உழைப்பை முழுதாகத் தடை செய்த திருத்தம், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று விலக்கு அளித்தது. பீடி சுற்றுவதும் வளையலுக்குக் கல் ஒட்டுவதும் எங்கே நடக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு, அந்த விலக்கு யாருக்கு வசதி என்பதும் தெரியும்.

சட்டத்தைக் கடுமையாக்கினால் தீர்ந்துவிடுமா என்றால் அதுவும் இல்லை. நேபாளத்தில் திருமண வயது ஆணுக்கும் பெண்ணுக்கும் இருபது; 2018இல் வீடு உட்பட எல்லா இடத்திலும் குழந்தையை அடிப்பதைத் தடை செய்த முதல் தெற்காசிய நாடும் அதுதான். அங்கே இன்னும் மூன்றில் ஒரு பங்குப் பெண்கள் பதினெட்டுக்குள் மணமானவர்கள். சட்டப் புத்தகத்துக்கும் வீட்டு வாசலுக்கும் இடையில் ஓர் ஆள் தேவைப்படுகிறார். தமிழ்நாட்டில் அந்த ஆள் எப்படி வேலை செய்கிறார் என்று பார்க்கலாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு யாரோ பெயர் சொல்லாமல் போன் செய்கிறார்கள், நாளைக் காலை முகூர்த்தம் என்று. சமூக நலத் துறை ஊழியர், கிராம நிர்வாக அலுவலர், ஒரு போலீஸ்காரர் மூவரும் ஜீப்பில் போய் இறங்கும்போது பந்தல் போட்டாயிற்று, அடுப்பு மூட்டியாயிற்று. பள்ளி மாற்றுச் சான்றிதழை வாங்கிப் பிறந்த தேதியைப் பார்க்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் பேசுகிறார்கள். பதினெட்டு முடியும்வரை செய்ய மாட்டோம் என்று பெற்றோரிடம் எழுதி வாங்குகிறார்கள். அந்தப் பெண், குழந்தைகள் நலக் குழு முன் ஆஜராகிறாள், சில நாள் இல்லத்தில் இருக்கிறாள், பிறகு எழுதிக் கொடுத்த அதே பெற்றோரோடு வீட்டுக்குப் போகிறாள். மறுநாள் பேப்பரில் குழந்தைத் திருமணம் தடுத்து நிறுத்தம் என்று செய்தி வரும். மூன்று மாதம் கழித்து வேறு மாவட்டத்துக் கோயில் ஒன்றில் மேளமில்லாமல் தாலி ஏறினால், அது எந்தப் பேப்பரிலும் வராது, எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. எழுதி வாங்கியதோடு அரசின் வேலை முடிந்தது.

இந்த இடத்தில் எண்களே நம்மை ஏமாற்றும். தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2022இல் நாடு முழுவதும் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் கீழ்ப் பதிவானவை 1,002 வழக்குகள், 2023இல் 6,038. ஒரே ஆண்டில் இந்தியக் குழந்தைகளின் நிலை ஆறு மடங்கு கெட்டுவிட்டதா? அந்த 6,038இல் 5,267 வழக்குகள் அசாம் என்ற ஒரே மாநிலத்தவை. அங்கே அரசு அந்த ஆண்டு வேட்டையில் இறங்கியது, அவ்வளவுதான். அதற்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு, 174 வழக்குகள். பதினெட்டுக்குள் மணமான பெண்கள் நூற்றுக்கு 13 பேர்கூட இல்லாத மாநிலம் 174 வழக்குப் பதிகிறது. நூற்றுக்கு 41 பேருக்கு மேல் அப்படி மணமான மேற்கு வங்கம் 118. புகார் குறைவாக இருக்கும் இடத்தில் குழந்தைகள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று படித்தால் உண்மையைத் தலைகீழாகப் படிப்பதாகும். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில் வழக்குகள் கூடுவதைக் கண்டு பதறுகிறவர்களும், அதைக் காட்டி ஆளுங்கட்சியைச் சாடுகிறவர்களும் இதை ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

வறுமை போனால் எல்லாம் சரியாகும், அதுவரை உரிமை பேசுவது வீண் என்பது பழைய ஆட்சேபம். இன்றும் பலமான ஆட்சேபம். இதற்கு 1991இலேயே அமெரிக்க அரசியல் அறிஞர் மைரன் வீனர் தம் 'இந்தியாவில் குழந்தையும் அரசும்' நூலில் பதில் சொன்னார்: கட்டாயக் கல்வி வராததற்குக் காரணம் வறுமை அல்ல, உழைக்கும் சாதிகளின் குழந்தை உழைக்கத்தான் வேண்டும் என்று மேல்தட்டினர் கொண்டிருந்த நம்பிக்கை. இலங்கை 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வியைக் கொண்டுவந்தபோது அது செல்வந்த நாடல்ல. தமிழ்நாட்டில் காமராஜர் 1956இல் மதிய உணவைத் தொடங்கியபோதும், எம்.ஜி.ஆர். 1982இல் அதைச் சத்துணவாக விரித்தபோதும், பணமில்லை என்றுதான் கோப்பில் எழுதியிருப்பார்கள். வீனரின் வாதத்தை இன்னும் ஓர் அடி கொண்டுபோகலாம். வீட்டு வேலைக்கும் உணவகங்களுக்கும் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை வைப்பது 2006 அக்டோபர் 10 முதல் இந்தியாவில் குற்றம். அந்தக் குற்றத்தைச் செய்பவர் ஏழையல்ல. மாதச் சம்பளம் வாங்குபவர், அடுக்குமாடியில் இருப்பவர், சில சமயம் சட்டம் படித்தவர். பிள்ளையைப் பிரம்பால் அடிக்காமல் வளர்க்க முடியாது என்று நம்புவதிலும் ஏழை பணக்காரர் பேதமில்லை. வருமானம் கூடினால் பட்டாசுத் தொழிற்சாலைக்குப் பிள்ளையை அனுப்பும் குடும்பம் குறையும். பக்கத்து வீட்டில் சமையலறையைத் துடைக்கும் சிறுமிக்கு அந்த வருமானமே எஜமானனைத் தரும்.

இரண்டாவது ஆட்சேபம் எனக்கு இன்னும் கனமாகப் படுகிறது. குடும்பத்துக்குள் அரசு நுழைந்தால் குழந்தைக்குக் கேடுதான் மிஞ்சும் என்பது அது. சான்றும் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் அசாமில் குழந்தைத் திருமணத்துக்காகச் சில வாரங்களுக்குள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். வீட்டில் சம்பாதிப்பவன் சிறைக்குப் போக, கைக்குழந்தையோடு காவல் நிலைய வாசலில் அழுது நின்றவர்கள் எந்தப் பெண்களைக் காக்கச் சட்டம் வந்ததோ அதே பெண்கள். வயதுக் கணக்கு வெளியே தெரிந்துவிடும் என்று கர்ப்பிணிகள் ஆஸ்பத்திரிக்குப் போகவே பயந்தார்கள். மக்களின் தனிவாழ்வை இந்த நடவடிக்கை கலைத்துப்போட்டதாக கவுகாத்தி உயர் நீதிமன்றமே கண்டித்தது. முப்பதாண்டுகளுக்கு முன்பு டாக்காவிலும் இப்படித்தான். குழந்தைகள் செய்த பொருட்களை அமெரிக்காவில் இறக்குமதி செய்யத் தடை கோரும் மசோதா 1992இல் வந்ததைத் தொடர்ந்து, ஆடைத் தொழிற்சாலை முதலாளிகள் பல்லாயிரம் சிறுமிகளை ஒரே மூச்சில் வெளியே அனுப்பினார்கள். அவர்களில் பலர் கல் உடைக்கவும் தெருவில் பிழைக்கவும் போனதை யுனிசெப் பின்னர் எழுதியது. 1995இல்தான் முதலாளிகள் சங்கமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெப்பும் சேர்ந்து, பள்ளியில் இடமும் உதவித்தொகையும் இல்லாமல் யாரையும் நீக்குவதில்லை என்று ஒப்பந்தம் போட்டன. இவை ஆட்சேபத்தை உறுதி செய்கின்றனவா? அசாமிலும் டாக்காவிலும் பெரியவர்கள் தண்டிக்கப்பட்டார்கள், அல்லது தண்டனைக்குப் பயந்து கைகழுவினார்கள். குழந்தைக்குப் போக இடம் ஏற்பாடாகவில்லை. நடுவில் நிற்பது என்றால் லத்தியோடு நிற்பது என்று அரசுகள் புரிந்துகொண்டிருப்பதையே இவை காட்டுகின்றன. நிற்காமலே இருக்கலாம் என்பதற்கு இவை சாட்சியல்ல.

குடும்பமே போதும் என்ற வாதம் எங்கே முறிகிறது என்பதை ஈழத்தமிழர் நன்கறிவார்கள். இலங்கைப் போரின்போது 1995 முதல் போலியோ சொட்டு மருந்து நாட்களில் இரு தரப்பும் சண்டையை நிறுத்தின. குழந்தைக்கு மருந்து கொடுப்பதில் யாருக்கும் பகையில்லை. ஆனால் 1998 மே மாதம் ஐ.நா. சிறப்புப் பிரதிநிதி ஒலாரா ஒட்டுனுவிடம், பதினேழுக்குட்பட்டவர்களைச் சேர்க்க மாட்டோம், பதினெட்டுக்குட்பட்டவர்களைக் களத்துக்கு அனுப்ப மாட்டோம் என்று விடுதலைப் புலிகள் கொடுத்த வாக்கு நிற்கவில்லை; 2003இல் யுனிசெப்போடு போட்ட செயல்திட்டமும் நிற்கவில்லை; 2004இல் புலிகளிடமிருந்து பிரிந்துபோன கருணா அணியும் குழந்தைகளைச் சேர்த்தது. பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று யுனிசெப்பிடமும் போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவிடமும் பெற்றோரே வந்து முறையிட்டார்கள். இங்கே குடும்பம் முழுமனதோடு குழந்தையின் பக்கம் நின்றது. அப்படியும் காக்க முடியவில்லை. எதிரே நிற்கும் பெரியவர் அப்பாவா, ஆயுததாரியா என்பது இரண்டாம் கேள்வி; அவரைவிடப் பலம் கொண்ட ஒருவர் குழந்தையின் பக்கம் இருக்கிறாரா என்பதே முதல் கேள்வி. போர் முடிந்த பிறகும் இலங்கையின் சிறுவர் இல்லங்களில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள். குழந்தையை வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ள உதவும் ஆள் இல்லாததால் இல்லம் வீட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

அப்படியானால் மதிப்பீடு எதைக் கேட்க வேண்டும்? உயரமும் எடையும் தடுப்பூசியும் பள்ளிச் சேர்க்கையும் இருக்கட்டும். அவற்றை இந்தப் பிராந்தியம் நன்றாகவே எண்ணுகிறது. நடுவில் நிற்கும் உரிமைக்கு வேறு கணக்கு வேண்டும். ஒரு குழந்தை வாய் திறந்து சொன்ன பிறகு என்ன நடந்தது என்பதுதான் அந்தக் கணக்கு. எத்தனை நாளில் ஆள் வந்தார், ஆறு மாதம் கழித்து மறுபடி வந்தாரா, குழந்தை இப்போது யாரோடு இருக்கிறது, பள்ளியில் இருக்கிறதா? இதைவிட அடிப்படையான ஒன்றும் உண்டு: குழந்தையிடமே கேட்பது. இந்திய அரசு ஒரு முறை கேட்டது. பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களைச் சேர்ந்த 12,447 குழந்தைகள் பேசினார்கள். மூன்றில் இரண்டு பேர் அடி வாங்கியதாகவும், 53 சதவீதம் பேர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகவும் சொன்னார்கள். செய்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள். பையன்களும் பெண்பிள்ளைகளுக்குச் சமமாகவே சொன்னது அப்போது பலரை அதிர வைத்தது. ஐந்தாண்டு கழித்து போக்சோ சட்டம் வந்ததில் அந்த ஆய்வுக்கும் பங்குண்டு. ஆனால் குடும்ப நல ஆய்வு போல அந்த ஆய்வைக் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப நடத்தும் கணக்கெடுப்பாக யாரும் ஆக்கவில்லை. தமிழ்நாட்டில் இதைவிட எளிதாகத் தொடங்க ஒரு வழி இருக்கிறது. தடுத்து நிறுத்தப்பட்ட கல்யாணங்களின்போது பெற்றோர் எழுதிக் கொடுத்த உறுதிமொழிகள் ஒவ்வொன்றிலும் பெண்ணின் பெயரும் பிறந்த தேதியும் ஊரும் இருக்கும். அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்தப் பெண்களில் எத்தனை பேர் பதினெட்டு வரை தாலி ஏறாமல் இருந்தார்கள் என்று மாவட்டவாரியாகப் போய்ப் பார்த்து ஆண்டுதோறும் வெளியிட, புதுச் சட்டமும் வேண்டாம், புது உடன்படிக்கையும் வேண்டாம்.